யாரைக் கண்டால் மயங்குகிறது

மழைக்காலம் வந்துவிட்டால் லாண்டரிக்காரர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. வெயிலில் பட்டென்று காய்ந்துவிடும் போர்வை, மழையில் கொடியிலேயே கிடந்து புளித்த வாடை அடிக்கும். தெருவிலுள்ள ஈரத் துணியெல்லாம் எதிர்க்கடை லாண்டரிக்குத்தான் வந்து சேரும். என் தையல் மிஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, கால் நீளம் குறைப்பது என்று கை பாட்டுக்கு வேலை செய்யும். கண் எதிர்க்கடையில் இருக்கும். அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் அப்படிச் சொல்வார்கள்.

அந்த வீட்டில் மூன்று பேர், ஒரு நாய். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. லாண்டரிக்காரர் காலையிலிருந்து நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மேஜை முன்னால் நிற்பார். யார் என்ன சொன்னாலும் ‘ம்’ என்பார். அவருடைய ‘ம்’முக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். துணியைப் பிரிப்பது, கறை எடுப்பது, மிஷினில் போடுவது, வாடிக்கைக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவர் மனைவி. எந்தக் கறை எதில் போகும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு துணியைக் கெடுத்தாள் என்ற பேச்சே வந்ததில்லை. மூன்றாவது ஆள் லாண்டரிக்காரரின் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன் புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பையையும் ஒரு நாயையும் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள். மீன் ஐஸ் கம்பெனியில், குளிர் அறையில் மீன் தரம் பிரிக்கும் வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். லாண்டரிக்காரி நேரில் அவளை ‘அண்ணி’ என்பாள். என்னிடம் பேசும்போது ‘நாத்தனார்’. நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

நாயின் பெயர் பட்டன். வெள்ளை முடி, தொங்கு காது, முழங்கால் உயரம்கூட வராத உருப்படி. இரண்டு கண்ணும் மூக்கும் கறுப்புப் பட்டன் மூன்றைத் தைத்து வைத்ததுபோல இருக்கும். பகல் முழுக்க லாண்டரிக்காரியின் காலடியில்தான் கிடக்கும். அவள் சோறு வைப்பாள், குளிப்பாட்டுவாள், சிக்கெடுப்பாள். அதுவும் சாதுவாக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் பொழுது சாய்ந்து நாத்தனாரின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதோ இல்லையோ, பட்டன் வேறு நாயாகிவிடும். குதிப்பதும் கத்துவதும் வட்டம் சுற்றுவதும், ஏதோ பத்து வருஷம் பிரிந்திருந்த மாதிரி. அந்த நேரத்தில் லாண்டரிக்காரியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கும் துணியை வேண்டுமென்றே ரொம்பச் சிரத்தையாக மடிப்பாள்.

“வேலை பூரா எனக்கு, வால் மட்டும் அவங்களுக்கா டெய்லரக்கா?” என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டனுக்கு முதலில் இருமல் வந்தது. தொண்டையில் முள் சிக்கினாற்போல ஒரு வறட்டு இருமல். மழைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம், நாத்தனார் கடைப் படியில் கால் வைக்க, பட்டன் ஓடிப்போய் இரண்டு காலில் எழுந்து நின்றது. அப்படியே சாய்ந்து பொத்தென்று விழுந்தது. கால்கள் விறைத்து, நாக்கு வெளிறிப்போய்க் கிடந்தது. நாத்தனார் அலறிய அலறலில் நான் கத்திரிக்கோலோடு ஓடினேன். நாங்கள் தண்ணீர் தேடுவதற்குள் அது தானே எழுந்து, எதுவும் நடக்காததுபோல அவள் கையை நக்கியது. அடுத்த வாரமும் விழுந்தது. அதே படி, அதே நேரம்.

மிருக டாக்டரிடம் நானும் போனேன். குடை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள்; கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் நிதானமான ஆள். குழாயை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டாள். படம் எடுத்தாள். பிறகு எங்கள் எல்லாரையும் உட்காரச் சொன்னாள். 

“இதயத்துக்குள்ள ரெண்டு அறைக்கு நடுவுல கதவு மாதிரி ஒரு வால்வு இருக்கு. ரத்தம் ஒரு பக்கமா போனதும் மூடிக்கணும். இதுக்கு அது தடிச்சுப் போயிருக்கு, சரியா மூட மாட்டேங்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வந்துடுது. அதனால இதயம் வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துது. நுரையீரல்லயும் தண்ணி கோக்க ஆரம்பிச்சிருக்கு.”

“நாங்க ஏதாச்சும் தப்பா குடுத்துட்டோமா டாக்டர்?” லாண்டரிக்காரி கேட்டாள்.

“இல்லம்மா. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு வயசானா ரொம்ப சகஜமா வர்றதுதான் இது. உங்க மேல குத்தம் இல்ல.”

“சரியாயிடுமா?”

“வால்வு சரியாகாது. மாத்திரையில காலத்தைத் தள்ளிப்போடலாம். ஒழுங்கா மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, குடிக்கத் தாராளமா தண்ணி, நல்ல தூக்கம். இதெல்லாம் இருந்தா ஒரு வருஷம் ஓடும். சிலது ரெண்டு வருஷம்கூட இருந்திருக்கு. சிலது மாசக் கணக்குலயே போயிடும். நான் ஆசை காட்ட மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன். அது தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டிச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க.”

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அளவுக்கு மீறிச் சந்தோஷப்பட்டா இப்படி மயங்கி விழும். அது யாரைப் பாத்தா ரொம்பத் துள்ளும்? யார் வர்றப்ப விழுது?”

 லாண்டரிக்காரி சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தாள். லாண்டரிக்காரர் ‘ம்’ என்றார். கடைசியில் நாத்தனார்தான் மெல்லச் சொன்னாள்.

“என்னைப் பாத்துத்தாங்க.”

அந்தக் குரலில் கவலை இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவலைக்குக் கீழே ஒரு பூரிப்பும் இருந்தது. பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டதுபோல முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

“அப்ப நீங்க இனிமே சத்தம் காட்டாம வரணும். பின்வாசல் இருந்தா அது வழியா வாங்க. கூப்பிடாதீங்க, உடனே தூக்காதீங்க. அது அடங்கினதும் பக்கத்துல போங்க” என்றாள் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது லாண்டரிக்காரி என் குடைக்குள் ஒண்டிக்கொண்டு நடந்தாள். நாத்தனார் முன்னால், நாயைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

“பாத்தீங்களா அந்த மூஞ்சியை? உயிரை விடுற அளவுக்கு அவங்க மேல பாசமாம். டாக்டரே சொல்லிட்டாங்க. இனி கேக்கணுமா?”

“நோய் வந்த நாயைப் போயி இப்படி...”

“நாயை நான் ஒண்ணும் சொல்லல டெய்லரக்கா. எனக்கு வயிறு எரியுது, அவ்வளவுதான்.”

இப்படி வெளிப்படையாகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

மாத்திரை கொடுக்கும் வேலை லாண்டரிக்காரி தலையில் விழுந்தது. இதயத்துக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று. நீர் மாத்திரை போட்டால் பட்டன் நினைத்த இடத்தில் ஒன்றுக்குப் போகும். அவள் கறை நீக்கும் புட்டியும் துடைக்கிற துணியுமாகப் பின்னாலேயே அலைவாள். வேகவைத்த கோழியில் பொதிந்து கொடுத்தால் கோழியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும். வாயைப் பிளந்து போட வேண்டியதுதான். ஆக, வாயைப் பிளப்பவள் ஒருத்தி; சாயங்காலம் பின்வாசலில் பூனைபோல வந்து, மூலையில் உட்கார்ந்து, மடியை மட்டும் காட்டுகிறவள் இன்னொருத்தி. பட்டன் யாரைக் கண்டு ஓடும், யாரிடம் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் லாண்டரிக்காரி ஒரு கண்டுபிடிப்போடு வந்தாள்.

“எல்லாம் அந்த மீன் வாசம்தான் டெய்லரக்கா. அவங்க உடம்பு பூரா மீன். நாய்க்கு வேற என்ன வேணும்? நாளைக்கே நானும் மீன் கம்பெனிக்குப் போனா என் பின்னாடியும் சுத்தும்.”

சொன்னதோடு விடவில்லை. மறுநாள் ஒரு மீனை வாங்கி, கழுவி, அந்தத் தண்ணீரைக் கையிலும் சட்டையிலும் பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு துணியை வாங்கிப் போனார்கள். லாண்டரிக்காரர் நீராவிப் பெட்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார், ‘ம்’கூட வரவில்லை. பட்டன் வந்து அவள் கையை மோந்தது. இரண்டு தரம் நக்கியது. பிறகு உள்ளே போய், நாத்தனாரின் பழைய கம்பளி ஸ்வெட்டர் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. குளிர் அறையில் போட்டுப் போட்டு முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். அதுதான் அதன் படுக்கை. நான் சிரிப்பை அடக்க நூல்கண்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு நாத்தனார் சீக்கிரம் வந்துவிட்டாள். மழை கொட்டியதால் பின்பக்கத்துச் சந்தில் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் முன்வாசலில் ஏறினாள். பட்டன் பாய்ந்தது, விழுந்தது. இந்தத் தடவை எழுந்திருக்க ரொம்ப நேரம் பிடித்தது. நாத்தனார் பக்கத்தில் மண்டியிட்டு, “கண்ணு, எந்திரி கண்ணு, நான் வந்துட்டேன்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீங்க வந்ததாலதான் விழுந்திருக்கு” என்றாள் லாண்டரிக்காரி.

“சந்துல தண்ணிம்மா. நான் என்ன பண்றது?”

“வெளிய நின்னு குரல் குடுத்திருக்கலாம்ல? நான் இதைத் தூக்கி உள்ள வெச்சிருப்பேன். உங்களுக்கு அது ஓடி வரணும். விழுந்தாலும் பரவால்ல, ஓடி வரணும்.”

“அப்படிப் பேசாத.”

“ஒருநாள் உங்களைப் பாத்து விழுந்து அப்படியே போயிடும். அதுவும் உங்களுக்குப் பெருமையா இருக்கும்.”

தெருவே கேட்டிருக்கும். லாண்டரிக்காரர் நடுவில் வந்து, “விடுங்க, விடுங்க” என்றார். யாரை விடச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.  நாத்தனார், நாய் எழுந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, தன் துணிகளைப் பையில் போட்டாள்.

“கம்பெனி மாடியில பொம்பளைங்க தங்க ரூம் இருக்கு. நான் கொஞ்ச நாள் அங்க இருந்துக்கறேன் தம்பி. அது உசுரோட இருக்கட்டும், அது போதும்.”

லாண்டரிக்காரி தடுக்கவில்லை. நானும் என் வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் கடையைத் தலைகீழாகப் புரட்டினாள். நாத்தனாரின் போர்வை, தலையணை உறை, மூலையில் கிடந்த பாய், நாய் படுக்கும் துண்டுகள், எல்லாம் மிஷினுக்குள் போயின. நாத்தனார் வாசனையே வீட்டில் இல்லாவிட்டால் பட்டன் துள்ளாது, துள்ளாவிட்டால் விழாது என்று எனக்கு விளக்கம் சொன்னாள். சோப்பு, வெந்நீர், மேலே பூ வாசனைத் திரவம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பளி ஸ்வெட்டரையும் கொதிக்கிற வெந்நீரில் போட்டாள். கம்பளியை வெந்நீரில் போடக்கூடாது என்பது எனக்கே தெரியும். அவள் வாடிக்கைக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பவள். வெளியே வந்தபோது அது கைக்குழந்தைக்குப் பின்னியது மாதிரி சுருங்கிக் கட்டியாகிவிட்டது. அதைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் பழந்துணி மூட்டையில் எறிந்தாள். அந்தக் கடையில் அவள் கெடுத்த முதல் துணி.

முதல் நாள் பட்டன் படுக்கையை மோந்து மோந்து சுற்றியது. அடுத்த நாளும் படுக்கவில்லை. பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நடந்தது. நான்கு அடி போய் நின்று இருமும், திரும்ப நடக்கும். கோழியைத் தொடவில்லை. மாத்திரையை வாயில் போட்டு அழுத்திப் பிடித்தால், விழுங்கியதுபோல இருந்துவிட்டு அப்புறம் மூலையில் கக்கிவிட்டு வரும். அவள் தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாடினாள். திட்டினாள். “நான் உனக்கு என்னடா கொறை வெச்சேன்?” என்று அவள் கேட்டது எனக்குத் தெருவைத் தாண்டிக் கேட்டது. மழையிலும் கேட்டது.

மூன்றாம் நாள் பட்டன் கழுத்தை நீட்டிக்கொண்டு, விலா எலும்பு உள்ளே போய் வர மூச்சு வாங்கியது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஊசி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு ஆக்ஸிஜன் கொடுத்து, பொழுது சாயும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

“இப்போதைக்குத் தண்ணி இறங்கியிருக்கு. ஆனா மாத்திரை உள்ள போகல, தூக்கம் இல்ல. இப்படியே இருந்தா வருஷக் கணக்கெல்லாம் மறந்துடுங்க. வீட்ல என்ன மாறிச்சு?”

லாண்டரிக்காரி வாயைத் திறக்குமுன் அவள் புருஷன் பேசினார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

“எங்கக்கா போயிட்டா டாக்டர். அவ துணியையெல்லாம் இவ துவைச்சுட்டா. நாய் தேடுது.”

டாக்டரம்மா லாண்டரிக்காரியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “துள்ளக் கூடாதுன்னுதான் சொன்னேன்மா. அவங்களையே இல்லாம பண்ணச் சொல்லல” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் லாண்டரிக்காரி என் கதவைத் தட்டினாள். “கூட வாங்க. தனியாப் போக எனக்கு மூஞ்சி இல்ல.”

மீன் கம்பெனி முற்றம் முழுக்க உருகிய ஐஸ் ஓடியது. ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் பெட்டி தள்ளிக்கொண்டு போனார்கள். நாத்தனார் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். 

“போயிடுச்சா?”

“இல்ல அண்ணி, இருக்கு. பெட்டியில வெச்சு ஊசி போட்டாங்க. இருக்கு.”

நாத்தனார் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். லாண்டரிக்காரி தரையைப் பார்த்தபடி சொன்னாள். 

“நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுங்க.”

“இதையா? ஒரு வாரமா போட்டிருக்கேன். நாறுது. துவைக்கணும்னா சாயங்காலம்...”

“துவைக்க இல்ல. அப்படியே வேணும். வேர்வையோட, அழுக்கோட.”

ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துத் தருகிறவள் அழுக்குத் துணிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனாருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.

“என் பழைய ஸ்வெட்டர் அங்க கெடக்குமே?”

“அதை நான் வெந்நீர்ல போட்டுட்டேன்.”

“கம்பளியையா? நீயா?”

“ஆமா. தெரிஞ்சேதான் போட்டேன்.”

நாத்தனார் கோபப்படுவாள் என்று பார்த்தேன். மேல்கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி, இவள் கையில் வைத்தாள். அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு நின்றாள்.

“மாத்திரை சாப்புடுதா?”

“இல்ல.”

“நான் வந்தா விழும். நான் வரலைன்னா தூங்காது. என்னம்மா பண்றது நான்?”

 லாண்டரிக்காரி ஸ்வெட்டரை மடிக்காமல் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு திரும்பினாள். வாசம் போய்விடும் என்று வழியெல்லாம் குடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதில் முகத்தைப் புதைத்து மோந்தாள். எந்தக் கறையையும் மோந்தே சொல்கிற மூக்கு.

“மீனு, வேர்வை, கொஞ்சம் எண்ணெய்” என்றாள். “இதுல என்னதான் இருக்கு டெய்லரக்கா?”

வீட்டுக்கு வந்ததும் அதைத் தரையில் விரிப்பாள் என்று நினைத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். நாத்தனார் ஒல்லி, இவள் நல்ல சதைப்பிடிப்பு. கைப்பக்கம் இழுத்துப் பிடித்தது, பிரித்துத் தைக்கலாமா என்று என் கை துறுதுறுத்தது. துணி மிஷினுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பட்டன் பின்வாசல் பக்கம் நின்றிருந்தது. காது தூக்கியது. தள்ளாடி வந்து அவள் கையை மோந்தது, வயிற்றை மோந்தது. துள்ளவில்லை, கத்தவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, மடியில் ஏறி, அக்குளுக்குள் மூக்கைச் சொருகிக்கொண்டு படுத்தது. மூன்று வருஷத்தில் அது அவள் மடியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கோழித் துண்டுக்குள் மாத்திரையை வைத்து நீட்டினாள். கண்ணைத் திறக்காமலே வாங்கி விழுங்கியது. அவள் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மடி ஆடக்கூடாது என்று உடம்பை அசைக்காமல் அழுதாள்.

“என்னைப் பாக்கவே இல்ல டெய்லரக்கா. மூஞ்சியை ஏறிட்டுக்கூடப் பாக்கல.”

“தூங்குதுல்ல?”

“தூங்குது.”

அன்றைக்கு முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. புருஷன்தான் துணி பிரித்தார், கறை எடுத்தார், வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு மிஷினில் உட்கார இருப்புக் கொள்ளாமல், தைக்க வேண்டிய கால்சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கையால் தைத்தேன். அவள் அவ்வப்போது நாயின் விலாவைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் தலையை ஆட்டுவாள். இருபத்தைந்துக்குள் வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம் பின்வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார். செருப்பைச் சந்திலேயே கழற்றிவிட்டு, ஈரக் காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை. நாய் விழித்துப் பாயும் என்று நான் ஊசியைப் பிடித்தபடி இருந்தேன். பட்டன் அசையவில்லை. விலா மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள். லாண்டரிக்காரியின் மடியைப் பார்த்தாள். டாக்டர் அறையில் பூரித்த அந்த முகம் இப்போது இறுகிப்போயிருந்தது. வேறொருத்தியின் பொறாமையை இத்தனை நாள் பார்த்த எனக்கு அது என்னவென்று தெரியாதா?

“நான் வந்து நிக்கிறதுகூட அதுக்குத் தெரியலையே” என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

லாண்டரிக்காரி நாயின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் எடுக்க மனசும் வரவில்லை என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்.

“நீங்க எங்க போனீங்க அண்ணி, வர்றதுக்கு? அதைப் பொறுத்தவரைக்கும் காலையிலேர்ந்து உங்க மடியிலதான் படுத்திருக்கு.”